ரிப்பேர் ஆயிருச்சா?

தாமோதரன் மூன்றாவது டோஸ்டரையும் தலைகீழாகக் கவிழ்த்து அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தான். இதிலும் ஸ்க்ரூ இல்லை. வழவழவென்று ஒரே பிளாஸ்டிக் தகடு, மூலைக்கு ஒன்றாக ரப்பர் கால், நடுவில் யாராலும் படிக்க முடியாத சின்ன எழுத்தில் ஏதோ எச்சரிக்கை. ரப்பருக்கு அடியில் ஸ்க்ரூவை ஒளித்து வைத்திருப்பார்களோ என்று நகத்தால் நெம்பினான், விற்பனைக்கார அம்மாள் பார்ப்பது தெரிந்து கையை எடுத்துக்கொண்டான். கோயம்புத்தூர் கிராஸ்கட் ரோட்டில் ஆடித் தள்ளுபடி நடக்கிற சனிக்கிழமை மத்தியானம், ஊரே மிக்ஸியும் கிரைண்டரும் வாங்க வந்து முட்டி மோதிக்கொண்டிருக்கிறபோது, நாற்பது தாண்டின ஆள் ஒருத்தன் டோஸ்டர்களை வரிசையாகக் கவிழ்த்து வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தால் யார்தான் பார்க்கமாட்டார்கள். பார்க்கட்டும். அவனுக்கு ஸ்க்ரூ வேண்டும். கழற்றி மாட்ட முடிகிற டோஸ்டர் வேண்டும். சாயங்காலம் கோகிலா கோபிசெட்டிபாளையத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குவாள், வீட்டுக்கு வருவாள், வந்ததும் சமையலறைக்குள்தான் போவாள், போனால் மேடைமேல் டோஸ்டர் இருக்கவேண்டும், அது நன்றாக வேலை செய்யவேண்டும், ஏனென்றால் காலையில் போனில் அவள் கேட்டதற்கு இவன் ஆமாம் என்று சொல்லிவிட்டான். நன்றாகத்தானே வேலை செய்யவேண்டும்? அங்கேதான் இடிக்கிறது. தன் பெண்டாட்டி என்ன கேட்டாள் என்று இவனுக்கு இன்னமும் புரியவில்லை.

"ஏனுங்க, அந்த டோஸ்டரு ரிப்பேர் ஆயிருச்சா?" இதுதான் கேள்வி. அவள் பேங்கில் கவுன்ட்டரில் உட்கார்ந்துகொண்டு கேட்டாள், பின்னால் யாரோ பாஸ்புக் மேடம், பாஸ்புக் மேடம் என்று நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். இவன், "ஆமா, ஆயிருச்சு" என்றான். "செரி, வெக்கறேன்" என்று அவள் வைத்துவிட்டாள். வைத்த பிறகு ஒரு வாய் காப்பி குடித்தான், அந்த வாய் தொண்டையில் இறங்குவதற்குள் கேள்வி இரண்டாகப் பிளந்துவிட்டது. ரிப்பேர் ஆயிருச்சா என்றால் கெட்டுப்போய்விட்டதா என்று கேட்டாளா, சரியாகிவிட்டதா என்று கேட்டாளா? நடுரோட்டில் வண்டி நின்றுவிட்டால் எல்லாரும் ரிப்பேர் ஆயிருச்சு என்கிறார்கள். அதே வண்டியை ஒர்க்ஷாப்பில் விட்டு ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டால் மெக்கானிக்கும் ரிப்பேர் ஆயிருச்சுங் சார், வந்து எடுத்துக்கங்க என்கிறான். இத்தனை வருஷமாக இந்த இரண்டையும் காதில் வாங்கிக்கொண்டு ஒரு நாளாவது இவனுக்குச் சந்தேகம் வந்ததுண்டா? இவன் பிழைப்பே அதுதான். மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயர். அடிபட்ட வண்டியைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்து, இது தேறும், இது தேறாது என்று எழுதிக் கொடுக்கிற வேலை. ஊராருடைய வண்டிக்கெல்லாம் நின்ற இடத்தில் பதில் சொல்கிறவனுக்கு, சொந்த வீட்டு டோஸ்டரைப் பற்றிப் பெண்டாட்டி கேட்ட ஒரு கேள்விக்கு அர்த்தம் தெரியவில்லை. திரும்பக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கலாம் என்று மூன்று தரம் போனை எடுத்தான். என்ன கேட்டே என்று கேட்டால், அப்புறம் எதுக்கு ஆமான்னீங்க என்று அவள் கேட்பாள், மூன்று தரமும் வைத்துவிட்டான்.

"சார், என்ன மாதிரி பாக்கறீங்க?" விற்பனைக்கார அம்மாள் பக்கத்தில் வந்துவிட்டாள். கடைச் சேலை, மார்பில் வளர்மதி என்று எழுதிய அட்டை, ஐம்பது வயசுக்குச் சற்று முன்னே பின்னே இருக்கும். இவன் கையிலிருந்த டோஸ்டரை நிமிர்த்தி வைத்துவிட்டு, காலையிலிருந்து மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்ததை அப்படியே வாயில் விட்டான். "ரிப்பேர் ஆகற டோஸ்டர் வேணுங்க." அந்த அம்மாள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை, ஆனால் பக்கத்தில் குக்கர் பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். "ரிப்பேர் ஆகறதெல்லாம் நாங்க வெக்கறதில்லீங் சார்" என்றாள் வளர்மதி. "எல்லாமே கேரண்டி. நீங்க தைரியமா எடுங்க, ரிப்பேரே ஆகாது." "இல்லீங்க, ரிப்பேர் ஆகோணும். ஆகாட்டி எப்படி?" என்றான். சொன்ன பிறகு அது எப்படிக் கேட்கிறது என்று தன் காதிலேயே விழுந்தது. குக்கர்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மூடியைத் திருகினார். "அதாவதுங்க, கெட்டுப்போனா சரி பண்ற மாதிரி. அடில ஸ்க்ரூ இருக்கற மாதிரி." "கெட்டே போகாதுங்கறேனுங்." "கெட்டுப் போகுமுங்க. எல்லாமே ஒரு நாளைக்குக் கெட்டுப்போகும். போனாத் தொறக்க முடியோணும்." அந்த அம்மாள் இவனை இப்போதுதான் சரியாகப் பார்த்தாள். புது டோஸ்டர் வாங்க வந்து, அது சாகிற நாளைப் பற்றி முதலில் பேசுகிறவனை அவள் இதற்கு முன் பார்த்திருக்கமாட்டாள்.

வீட்டு டோஸ்டர் வெளியே காரில் முன் சீட்டில் உட்கார்ந்திருக்கிறது. கோகிலா உட்காருகிற சீட். காலையில் போனை வைத்த கையோடு அதைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான், வழியெல்லாம் ரொட்டித் தூள் சீட்டில் கொட்டிக்கொண்டே வந்தது. கணபதிப் பக்கம் மிக்ஸி, அயர்ன் பாக்ஸ் ரிப்பேர் பார்க்கிற கடைக்காரர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல ஸ்க்ரூவே இல்லீங். ஒடச்சாத்தான் தொறக்கும், ஒடச்சா மூட முடியாது. புதுசு வாங்கிக்கங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அதாவது தேறாது. எத்தனை பேரிடம் இந்த வார்த்தையை இவன் சொல்லியிருப்பான்! சொன்னதும் வண்டிக்காரன் முகம் ஒரு மாதிரி ஆகும், வண்டி ஓடுதுங்களே சார் என்பான். ஓடத்தான் செய்யும். இந்த டோஸ்டரும் அப்படித்தான், முழுக்கக் கெட்டது என்றும் சொல்ல முடியாது. அதன் லீவர் நிற்காது, அவ்வளவுதான். ரொட்டியைப் போட்டு லீவரை அழுத்தினால் உள்ளே கம்பி சிவக்கும், விரலை எடுத்தால் உடனே மேலே வந்துவிடும். ரொட்டி சிவக்கிற வரைக்கும் ஒரு ஆள் பக்கத்தில் நின்று லீவரைப் பிடித்துக்கொண்டிருக்கவேண்டும். இது ஆரம்பித்து மூன்று வருஷமாவது இருக்கும். இதையக் கொண்டுபோய்க் குடுங்க, குடுங்க என்று அவள் சொன்னாள், கொடுக்கிறேன், கொடுக்கிறேன் என்று இவன் சொன்னான். ஒரு தரம் டிக்கியில் ஏற்றி வைத்துக்கொண்டு மாசக்கணக்கில் ஜில்லா பூரா சுற்றினான், அப்புறம் ரொட்டி தின்னும் ஆசை வந்து மறுபடி வீட்டுக்குள் எடுத்து வந்தார்கள். அப்படியானால் அவள் கேட்டது, இருக்கிற உயிரும் போய் ஒரேயடியாக ரிப்பேர் ஆகிவிட்டதா என்றா? இல்லை, மூன்று வருஷம் கழித்தாவது ரிப்பேர் ஆனதா என்றா? முதலாவது என்றால் அவள் குரலில் ஒரு சலிப்பு இருந்திருக்கவேண்டும். இரண்டாவது என்றால் கொஞ்சம் கேலி. இரண்டுமே இருந்த மாதிரியும் இருந்தது, பாஸ்புக் மேடம் என்ற சத்தத்தில் ஒன்றுமே கேட்காத மாதிரியும் இருந்தது.

அவளுக்கு ரொட்டியே பிடிக்காது, முதலில். கோபிப் பக்கம் காய்ச்சல் வந்தால்தான் ரொட்டி. கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் காலையில் வேலைக்கு ஓடவேண்டும் என்று இவன்தான் ரொட்டியைப் பழக்கினான், முதல் மாசம் முழுக்க, "உங்களக் கட்டுனதுல இருந்து காய்ச்சக்காரி மாதிரியே இருக்குதுங்க" என்று சொல்லிக்கொண்டே தின்றாள். இன்றைக்கும் தெருமுனை அண்ணாச்சி கடையில் ரொட்டி கேட்டால் யாருக்கு முடியலை என்றுதான் கேட்பார். போன மாசம் கேட்டபோது இவன் யாருக்கும் இல்லை என்றான், அண்ணாச்சி வீட்டில் இல்லையா என்றார், டிரான்ஸ்பர் என்றான். எல்லாரிடமும் இதையே சொல்கிறான். தையில் அவளுக்கு டிரான்ஸ்பர் வந்தது. "கோபிக்கு டிரான்ஸ்பர் வந்துருச்சுங்க" என்று இதே டோஸ்டருக்கு முன்னால் நின்றுதான் சொன்னாள். வந்துருச்சு. மழை வந்துருச்சு என்கிற மாதிரி. இவன் வேலையில் தினமும் கேட்கிற பேச்சு இது. எப்படி ஆச்சு என்று கேட்டால் எந்த வண்டிக்காரனும் நான் மோதினேன் என்று சொன்னதே இல்லை. மோதிருச்சுங்க, சறுக்கிருச்சுங்க, பிரேக்கு புடிக்கலீங்க. எல்லாம் தானாகவே ஆகும். அதைக் கேட்டுக் கேட்டுப் பழகின காது, டிரான்ஸ்பர் வந்துருச்சு என்பதையும் அப்படியே வாங்கிக்கொண்டது. அக்கா வீடு அங்கேயே இருக்கிறது, தங்கிக்கொள்வாள், வாரா வாரம் வந்துவிடுவாள் என்று எல்லாம் அதுபாட்டுக்கு முடிவாகிவிட்டது. மாசியில் அவளோடு வேலை பார்த்த அம்மாள் ஒருத்தி உழவர் சந்தையில் இவனைப் பார்த்து, "பரவால்லீங்க, கோகிலா கேட்ட ஊரே கெடைச்சிருச்சு" என்றாள். கையில் வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆமாங்க என்றான். அங்கேயும் ஆமாம்தான். பெரிய ஆமாஞ்சாமி.

வாரா வாரம் என்றது இரண்டு வாரத்துக்கு ஒருதரம் ஆகி, அப்புறம் மாசத்துக்கு ஒருதரம் ஆகி, சித்திரைக்குப் பிறகு ஆடிட் என்றாள், அக்கா மகளுக்குச் சீர் என்றாள், வரவேயில்லை. வந்துபோன ஒவ்வொரு தரமும் நாலைந்து சேலை பீரோவை விட்டுக் கிளம்பியது. சண்டை ஒன்றும் கிடையாது. சண்டை போட்டிருந்தால் இவனுக்கு இன்ன இடத்தில் அடிபட்டிருக்கிறது என்று தெரிந்திருக்கும், படம் எடுத்திருப்பான். மேலுக்கு ஒரு கீறல் இல்லை. போன வாரம் அவளிடமிருந்து ஒரு மெசேஜ்: பரண்மேல் பெரிய பேக் இருக்கும், இருக்குதா பாருங்க. இருக்கிறது என்று பதில் போட்டான். போட்டுவிட்டு ஸ்டூல்மேல் ஏறி அதை இறக்கினான், ஈரத்துணியால் துடைத்தான், கூடத்தில் வைத்து அரை நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மறுபடியும் ஸ்டூல்மேல் ஏறிப் பரணிலேயே போட்டுவிட்டான். இங்கே இருக்கிற பேக் எதற்கு அவளுக்கு? கோபியிலிருந்து சாமான் கொண்டுவருவதானால் பேக் கோபியில் அல்லவா இருக்கவேண்டும்? இங்கிருந்து எடுத்துப் போவதற்குத்தான் இங்கே பேக் வேண்டும். பீரோவில் மிச்சம் இருக்கிறது பட்டுச் சேலையும் சுவெட்டரும்தான். அதையும் எடுத்துப் போய்விட்டால் இந்த வீட்டில் அவளுடையது என்று என்ன இருக்கும்? டோஸ்டர் இருக்கும். அது அவள் ஆபீஸ்காரர்கள் கல்யாணத்துக்குக் கொடுத்தது. அதனால்தான் கேட்டாளோ, நன்றாக இருந்தால் அதையும் எடுத்துப் போகலாம் என்று? இந்த நினைப்பு வந்ததும் அவனுக்குப் பயமாக இருந்தது.

"இது பாருங் சார், கண்ணாடி போட்டது, ரொட்டி செவக்கறது வெளியவே தெரியும்" என்று வளர்மதி இன்னொன்றைக் கொண்டுவந்து வைத்தாள். அதையும் கவிழ்த்தான். ஸ்க்ரூ இருந்தது, ஆனால் தலை மூன்று மூலையாக இருந்தது, எந்தத் திருப்புளியும் அதற்குள் போகாது. "இதைய எப்படிங்க தொறக்கறது?" "கம்பெனிலதாங் தொறப்பாங்க." "கம்பெனி எங்க இருக்குது?" அவள் அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பார்த்து, தெரியலீங் என்றாள். பக்கத்தில் குக்கர்காரர் ஏழெட்டு குக்கரைத் திறந்து மூடிய பிறகு, "வூட்ல கேட்டுட்டு வர்றனுங்க" என்று சொல்லிவிட்டு நழுவினார். வளர்மதி, "வாங்க, வாங்க" என்று வாயால் சொன்னாள், முகம் வேறு சொன்னது. வூட்ல கேட்டுட்டு வர்றேன் என்று போனவர்களில் யாரும் திரும்பி வந்ததில்லை போல. இவனும் ஆயிரம் தரம் அதைச் சொல்லிக் கடையை விட்டு வெளியேறியிருக்கிறான். சட்டை எடுக்கப் போய், டிவி பார்க்கப் போய், ஒரு தரம் சும்மா மழைக்கு ஒதுங்கின நகைக்கடையில்கூட. இப்போதும் அதைச் சொல்லிவிட்டுப் போகலாம். வாயில் வரவில்லை. வீட்டில் கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்? பொய்யாகச் சொல்வதற்கும் வீட்டில் ஆள் இருந்தால்தான் முடியும் என்று இப்போதுதான் தெரிகிறது.

இந்த வார்த்தையே ஆகாது. ரிப்பேர். பெருந்துறையில் ஒரு கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது இவனுடைய தெய்வானை அத்தை, எதிர் வரிசையிலிருந்து எட்டிக் கோகிலாவைக் கேட்டாள்: "ஏங்கண்ணு, ரிப்பேரு யாருகிட்டன்னு டாக்டரு சொன்னாங்களா?" கல்யாணமாகி எட்டு வருஷம், குழந்தை இல்லை, கேட்பதற்கு அத்தைக்கு உரிமை இருப்பதாக அத்தைக்கு நினைப்பு. இலையில் இவனுக்குச் சோறு மங்கலாகத் தெரிந்தது. கோகிலா நிமிர்ந்து, "எங்கிட்டத்தாங் அத்தை" என்றாள். சொல்லிவிட்டுப் பாயசக்காரனை நிறுத்தி இன்னொரு கரண்டி ஊத்தச் சொன்னாள். அப்படி டாக்டர் சொல்லவே இல்லை. அந்த டாக்டரம்மா இரண்டு பேர் ரிப்போர்ட்டையும் விரித்து வைத்து, இரண்டிலும் ஒன்றும் இல்லை, எல்லாம் நார்மல் என்று சொன்னார். எதுவும் கெடவில்லை என்றால் எதைச் சரி பண்ணுவது? இவனுக்கு அன்றைக்குப் பிடித்த குழப்பம்தான் இது, இன்றைக்கு டோஸ்டரில் வந்து நிற்கிறது. அவள் ஏன் தன்மேல் போட்டுக்கொண்டாள்? இவனைக் காப்பாற்றவா? அத்தை வாயை அடைக்கவா? இல்லை, அவளே அப்படி நம்ப ஆரம்பித்துவிட்டாளா? பெருந்துறையிலிருந்து வீடு வருகிற வரைக்கும் காரில் கேட்கலாம் என்று இருந்தான், அவிநாசி தாண்டட்டும் என்று இருந்தான், அப்புறம் வீடு வந்துவிட்டது. பந்தியில் அவன் பேசியிருக்கவேண்டும். பேசாததும் அதுபாட்டுக்கு ஆகிப்போனது.

அப்புறம் ஒரு நாள் காலையில் டோஸ்டர் லீவரைப் பிடித்துக்கொண்டு நின்றவள், சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்: "இனிமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாங்க." எப்போதும் அங்கேதான் அவர்கள் பேச்செல்லாம். அவள் லீவரைப் பிடித்துக்கொண்டிருப்பாள், இவன் பக்கத்தில் வெண்ணெய்க் கத்தியோடு நிற்பான், இரண்டு பேருக்கும் எதிரே சுவர், மூஞ்சியைப் பார்க்கவேண்டியதில்லை, ரொட்டி சிவக்கிற நேரம் வரைக்கும் அங்கே இங்கே நகரவும் முடியாது. கேஸ் புக் பண்ணவேண்டும், மாடி வீட்டு நாய் ராத்திரியெல்லாம் குரைக்கிறது, மேனேஜர் புதுசாக வந்திருக்கிறார், இப்படித்தான் இருக்கும். அந்த லீவரைப் பிடித்துப் பிடித்து அவள் ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு கோடு பதிந்திருக்கும், அதைத் தேய்த்துக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடுவாள். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாங்க என்று அவள் சொன்னதற்கு இவன், "செரி" என்றான். அவளுக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னான். அவள் விரலை எடுத்துவிட்டாள், ரொட்டி டக்கென்று வெளுப்பாகவே மேலே வந்துவிட்டது, இரண்டு பேரும் அதை அப்படியே தின்றுவிட்டு வேலைக்குப் போனார்கள். ஏன் வேண்டாம் என்று அவன் கேட்கவேண்டும் என்று நின்றாளோ? இன்னும் ஒரே ஒரு தரம் போய்ப் பார்க்கலாம் என்று சொல்லுவான் என்று எதிர்பார்த்தாளோ? அந்த லீவர் மட்டும் சரியாக இருந்திருந்தால் அவள் ரொட்டியைப் போட்டுவிட்டுத் தலை வாரப் போயிருப்பாள், இந்தப் பேச்சே வந்திருக்காது. வராமலிருந்தால் நல்லதா? வேறு பேச்சும் எதுவும் வந்திருக்காதே. டோஸ்டரை ரிப்பேருக்குக் கொடுக்காமல் மூன்று வருஷம் சுற்றியது சோம்பேறித்தனம் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தான். இப்போது அதுவும் சரியாகத் தெரியவில்லை.

"சார்!" வளர்மதி தரையில் உட்கார்ந்து கீழ்த்தட்டுக்குள் கையை விட்டு எதையோ இழுத்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்தது ஒரு ஸ்டீல் டோஸ்டர், பழைய மாடல், தூசி படிந்து, தூக்கும்போது அவளுக்கே கை இறங்கியது. "இதைய யாரும் கேக்கறதில்லீங், கனமா இருக்குதும்பாங்க. நீங்க சொல்றது இதுவாட்ட இருக்குதான்னு பாருங்." கவிழ்த்தான். மூலைக்கு ஒரு ஸ்க்ரூ, சாதாரண ஸ்க்ரூ, சமையலறைக் கத்தி முனையாலேயே திருகிவிடலாம். "இதுக்கு மட்டும் கம்பி, லீவரு எல்லாம் தனித்தனியா ஸ்பேர் வருதுங்" என்றாள். தேடினது கிடைத்துவிட்டது. சந்தோஷம்தான் வந்திருக்கவேண்டும். நிமிர்த்தி வைத்து லீவரை அழுத்தினான், விரலை எடுத்தான், டக்கென்று மேலே வந்துவிட்டது. மறுபடி அழுத்தினான். மறுபடி வந்தது. "இதுவும் ரிப்பேருங்க!" என்றான், கொஞ்சம் சத்தமாகவே. "கரண்ட் இல்லாம நிக்காதுங் சார்" என்று வளர்மதி பொறுமையாக வயரை இழுத்துப் பிளக்கில் சொருகினாள். லீவரை அழுத்தினாள். நின்றது. உள்ளே கம்பி மெல்லச் சிவக்க ஆரம்பித்தது, தூசி கருகுகிற வாசனை வந்தது. "பாருங், நீங்க பிடிச்சுட்டு நிக்க வேண்டியதே இல்லீங். நீங்கபாட்டுக்கு உங்க வேலையப் பாக்கப் போலாம், வூட்ல அவங்கபாட்டுக்கு அவங்க வேலையப் பாக்கப் போலாம்." அவள் நல்ல மனசோடுதான் சொன்னாள். தாமோதரன் கை தானாகப் போய் லீவர்மேல் விரலை வைத்துக்கொண்டது. இல்லை, தானாகப் போகவில்லை, அவன்தான் வைத்தான். போன் அடித்தது.

"ஏனுங்க, எங்க இருக்கறீங்க? ஒரே எரைச்சலா இருக்குது." பஸ் ஹாரனுக்கு நடுவில் கோகிலா. "கடைல. நீ?" "புளியம்பட்டி தாண்டிட்டேன். முன்னாடி பஸ்ஸே கெடைச்சிருச்சு." இதைச் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறாள், சொல்லியாகிவிட்டது, வைத்துவிடுவாள். ஒரு கையில் போன், ஒரு கை லீவர்மேல், எதிரே சுவர், சுவரில் ஆடித் தள்ளுபடி விளம்பரம். "கோகி, காலைல நீ கேட்டயில்ல, டோஸ்டரு ரிப்பேர் ஆயிருச்சான்னு." "ஆமா." "என்ன கேட்டே?" "என்ன கேட்டேன்னா?" "ஒரேயடியாக் கெட்டுப் போச்சான்னு கேட்டயா, சரியாயிருச்சான்னு கேட்டயா?" அந்தப் பக்கம் கண்டக்டர் யாரையோ உள்ளே போகச் சொன்னார். "நீங்க எதுக்கு ஆமான்னீங்க?" என்றாள். வந்துவிட்டது, பயந்த கேள்வி. "தெரியல. வாயில ஆமான்னு வந்துருச்சு" என்றான். சொன்னது காதில் விழுந்தது. மோதிருச்சுங்க, சறுக்கிருச்சுங்க. "இல்ல, வரலை. நாந்தான் சொன்னேன். என்ன ஏதுன்னு கேக்காம சொன்னேன். எப்பவும் அப்படித்தான் சொல்றேன்." வளர்மதி நாகரிகமாக நகர்ந்து போய் மிக்ஸி ஜாரைத் துடைக்க ஆரம்பித்தாள். கோகிலாவின் பஸ் எங்கேயோ நின்று கிளம்பியது. அப்புறம், "டிரான்ஸ்பர் தானா வர்லீங்க" என்றாள். "நாந்தான் எழுதிக் குடுத்தேன்." "தெரியும்." "தெரியுமா? தெரிஞ்சுமா கேக்கல?" "கேக்கல." "பேக்கை எறக்கி வெச்சுட்டீங்களா?" "எறக்கினேன். மறுபடியும் மேலயே போட்டுட்டேன்." "ஏனுங்க?" தெரியல என்று சொல்ல வாயெடுத்தான். "நீ எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிருவேன்னு" என்றான்.

அவள் சிரித்தாளா, மூக்கை உறிஞ்சினாளா, பஸ்ஸில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் கழித்து, குரலைச் சரி பண்ணிக்கொண்டு, "இப்ப எப்படி இருக்குது டோஸ்டரு?" என்றாள். இந்தக் கேள்விக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். "அப்படியேதான் இருக்குது. பிடிச்சுட்டு நிக்கோணும்." "ம்." "அதுல ஸ்க்ரூ இல்லையாமா, தொறக்க முடியாதாமா. புதுசு பாக்கலாம்னு வந்தேன்." "ம்." அப்புறம், "வூட்ல ரொட்டி இருக்குதா?" என்றாள். "இல்ல. வாங்கீட்டு வர்றேன். சின்ன பாக்கெட்டா, பெருசா?" வழக்கமாகக் கேட்கிற கேள்விதான், கேட்ட பிறகுதான் அவனுக்கு உறைத்தது. சின்ன பாக்கெட் இரண்டு பேருக்கு ஒரு வேளை வரும், நாளைக் காலை தின்றுவிட்டுப் பஸ் ஏறிவிடலாம். பெரியது ஒரு வாரம் வரும். அவளும் அதைத்தான் யோசிக்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது, ஏனென்றால் ரொட்டி சைஸ் சொல்ல யாருக்கும் இவ்வளவு நேரம் ஆகாது. அன்னூர் அன்னூர் என்று கண்டக்டர் கூவினார். கம்பி சிவந்து, ஆறி, லீவர் மேலே வரத் துடித்து அவன் விரலை உந்தியது, அவன் எடுக்கவில்லை. நகத்துக்குக் கீழே வலித்தது. "பெருசே வாங்குங்க" என்றாள் கோகிலா. "தேதி பாத்து வாங்குங்க, போன தடவை பூஞ்சையா இருந்துச்சு. திங்கக்கெழம லீவு எழுதிக் குடுத்திருக்கறேன். அதுக்கப்புறம் என்னன்னு எனக்கும் தெரியலீங்க." "செரி" என்றான், உடனே, "இல்ல, செரின்னு சொல்லலை. நீ வா, பேசிக்கலாம்" என்றான். அவள் வைத்துவிட்டாள்.

"சார், கையை எடுத்தரலாங், அது தானா மேல வந்துரும்" என்றாள் வளர்மதி. விரலை எடுத்துப் பார்த்தான், நுனியில் சிவப்பாக ஒரு கோடு. அதைத் தேய்த்துக்கொண்டான். "பில்லு போட்டரலாங்களா?" "நாளைக்கு வூட்டுக்காரம்மாவைக் கூட்டீட்டு வர்றனுங்க. அவளும் பாக்கட்டும். அவதான் பிடிச்சுட்டு நிக்கறவ, இது வேணுமா வேண்டாமான்னு அவளக் கேக்கோணும்." வளர்மதி குக்கர்காரருக்குக் காட்டின அதே முகத்தைக் காட்டினாள். "வாங்க, வாங்க. ஞாயித்துக்கெழமையும் கடை உண்டுங்" என்று சொல்லிக்கொண்டே பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுற்றி, டோஸ்டரைத் தூக்கிக் கீழ்த்தட்டுக்குள் தள்ளக் குனிந்தாள். "அம்மா, அதைய உள்ள போட்டராதீங்க, மேலயே இருக்கட்டுங்க" என்றான் தாமோதரன். "நாளைக்கு வர்றோம்."